மத்தேயு சாராயக்கடையா வைத்திருந்தார்? சொல்லின் வேர் தேடப் புதிதாக இறங்குபவர்களுக்கு

அக்கா மகன் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய் மூன்று மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கருங்கல் சந்தையில் மீன் பேரம் பேசிக்கொண்டு நிற்கையில் போன் வந்தது. “மாமா, நான் இப்ப இருக்கது ஒரு பப்ளிக்கனுக்க வீடாக்கும். இங்க பப் நடத்துறவருக்கு அப்பிடித்தான் பேரு. ஆனா இங்கிலீஷ் பைபிள்ல மத்தேயுவையும் பப்ளிக்கன்னுதானே போட்டிருக்கு? அவரு சாராயக்கடையா வச்சிருந்தாரு?”

“இல்ல மக்களே, அவரு இயேசுவுக்க சீடராகதுக்கு முன்ன வரி பிரிச்சவரு” என்று சொல்லிவிட்டு மீனை வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி விடவில்லை. வரி பிரிப்பவரும் கடை நடத்துபவரும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறினார்கள்? அதைத் தேடிய கதையையே வழிகாட்டியாக எழுதுகிறேன். சொல்லாராய்ச்சி படித்தவன் இல்லை நான். ஒரு நோட்டும் பேனாவும் இணைய வசதியுள்ள போனும் இருந்தால் இந்த வேலையை யாரும் தொடங்கலாம். போன் இல்லாவிட்டால் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்துக்கு ஒரு நடை போனால் போதும்.

சொல்லை வாக்கியத்தோடு பிடியுங்கள்

முதல் வேலை, சொல் எங்கே கண்ணில் பட்டதோ அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைப்பது. தனிச்சொல்லாக எழுதினால் பாதி ஆதாரம் போய்விடும். என் நோட்டில் இரண்டு வாக்கியம் இருந்தது. ஒன்று, 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் மத்தேயு 10:3. அதில் அவர் ‘பப்ளிக்கன்’. இன்னொன்று அக்கா மகன் போனில் சொன்னது. அதற்கு எதிரே தேதியும் போட்டேன். வாய்ச்சொல்லும் ஆதாரம்தான், யார் எப்போது சொன்னார் என்று குறித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வாக்கியத்திலும் சொல் ஒன்று, பொருள் இரண்டு. ஆகவே இரண்டு பக்கம் ஒதுக்கினேன். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு இரண்டு பொருளையும் ஒரே பக்கத்தில் போட்டுக் குழப்புவதுதான்.

எந்தப் பொருளுக்கு வயது அதிகம்?

அடுத்து வயது பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு இது எளிது. எந்தப் பொருள் எந்த ஆண்டில் முதலில் எழுத்தில் வந்தது என்று குறித்துவைத்த அகராதிகள் அங்கே உண்டு. எட்டிமான்லைன் என்ற இலவச இணையதளம் ஆரம்பத்துக்குப் போதும்.

வரி பிரிப்பவர் என்ற பொருளில் பப்ளிக்கன் ஏறத்தாழ 1200ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்த சொல் அது. மதுக்கடைக்காரர் என்ற பொருள் எழுத்தில் தலைகாட்டுவது 1728 வாக்கில். நடுவே 500 வருஷத்துக்கு மேல் இடைவெளி. இப்படி ஒரு பெரிய இடைவெளி கண்ணில் பட்டால் அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். கதை அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

பழைய அகராதி ஒன்றையும் புரட்டிப் பார்ப்பது நல்லது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இரண்டு பொருளையும் தருகிறது. முதலில் சுங்கம் பிரிப்பவர். இரண்டாவது, பொதுவில் விருந்து நடத்தும் வீட்டுக்காரர். இரண்டாவதைப் போட்டுவிட்டு இது தாழ்ந்த பேச்சு என்று ஒரு முத்திரையும் குத்துகிறார். எனக்கு அது பெரிய துப்பு. ஒரு பொருள் புதிதாக, விளையாட்டாக, தெருவில் பிறந்திருந்தால்தானே அகராதிக்காரர் இப்படி முகம் சுளிப்பார்?

வேர் மொழிக்குப் போவது

லத்தீனில் ‘பாப்புலுஸ்’ என்றால் மக்கள். மக்களுக்குரியது ‘பப்ளிகுஸ்’. அரசின் பொது வருமானம் ‘பப்ளிகம்’. அந்த வருமானத்தைக் கையாள்பவர் ‘பப்ளிகானுஸ்’. இதோடு பல பேர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. அந்தச் சொல்லுக்கு உரியவர்கள் தினமும் என்ன வேலை பார்த்தார்கள் என்று தெரிந்தால்தான் சொல்லுக்கு உயிர் வரும்.

ரோமக் குடியரசில் அரசாங்கம் நேரடியாக வரி பிரிக்கவில்லை. ‘சென்சார்’ என்ற அதிகாரிகள் ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஏலம் விடுவார்கள். செல்வம் படைத்தவர்கள் கூட்டாகச் சேர்ந்து ஏலம் எடுப்பார்கள். இவ்வளவு தருகிறோம் என்று கருவூலத்துக்கு ஒத்துக்கொண்டு, அதற்கு மேல் பிரிப்பதைத் தாங்கள் வைத்துக்கொள்வார்கள். படைக்குச் சரக்கு கொடுப்பது, பொதுக் கட்டடம் கட்டுவது போன்ற ஒப்பந்தங்களும் அவர்களிடம்தான். கி.மு. 123இல் காயுஸ் கிராக்குஸ் ஆசிய மாகாணத்தின் வரி ஏலத்தை ரோம் நகரிலேயே நடத்தும்படி சட்டம் கொண்டுவந்தார். அதன் பிறகு இவர்கள் கையில் பணம் கொழித்தது. மாகாணத்து ஜனங்களின் சாபமும் கூடவே சேர்ந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மத்தேயு கப்பர்நகூமில் உட்கார்ந்து சுங்கம் வாங்கிய உள்ளூர் ஆள். ரோமின் பெரிய ஏல முதலாளி இல்லை. சுவிசேஷத்தின் கிரேக்கத்தில் அவருக்குப் பெயர் ‘தெலோனேஸ்’. ‘தெலோஸ்’ என்ற சொல்லுக்கு வரி என்றும் பொருள் உண்டு. லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அதற்கு ‘பப்ளிகானுஸ்’ என்று போட்டார்கள். ஆங்கிலக்காரர்கள் லத்தீன் சொல்லையே சற்றுத் திருத்திக் கொண்டுபோனார்கள். ஆக, ஒரு சின்ன ஊழியனுக்குப் பெரிய முதலாளியின் சட்டையை மாட்டிவிட்டது மொழிபெயர்ப்பு. பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பப்ளிக்கனை விட்டுவிட்டு வரி வசூலிப்பவர் என்றே நேராகச் சொல்கின்றன. என் அக்கா மகனைப் போலக் குழம்பியவர்கள் அங்கேயும் நிறைய இருந்திருக்க வேண்டும்.

நம் மொழிக்காரர்கள் அதை எப்படிச் சொன்னார்கள்?

நம் குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் படியில் ஒரு வசதி உண்டு. பல வீடுகளில் பழைய தமிழ் வேதாகமம் இருக்கிறது. கத்தோலிக்க வீடுகளில் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இருக்கும். விளவங்கோடு பக்கம் மலையாள வேதாகமம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்களும் உண்டு. மூன்றையும் திறந்து ஒரே வசனத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தமிழில் ‘ஆயக்காரன்’. திருவிவிலியத்தில் ‘வரி தண்டுபவர்’. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் மலையாளத்தில் ‘சுங்கக்காரன்’. ஒரே ஆள், மூன்று பெயர். மூன்றிலும் சாராய வாசனை இல்லை. அக்கா மகனின் பாதிக் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் ‘ஆயம்’ என்ற சொல்லில் ஒரு குழி இருக்கிறது. சுங்கவரி என்ற பொருளில் வரும் ஆயம், வரவு என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது. சங்கப் பாட்டில் தலைவியைச் சுற்றி நிற்கும் தோழியர் கூட்டமும் ஆயம்தான். எழுத்து ஒன்று, சொல் வேறு. ஆயக்காரனைத் தோழியர் கூட்டத்தோடு முடிச்சுப்போட்டு ஒருவர் எனக்கு அரை மணி நேரம் விளக்கம் சொன்னார். பொறுமையாகக் கேட்டேன், நோட்டில் எழுதவில்லை.

கள்ளும் இதே மாதிரிதான். ‘கள்’ என்றால் பானம். களவு, கள்ளன் என்பவற்றின் அடியும் ‘கள்’. பன்மைக்குச் சேர்ப்பதும் ‘கள்’. ஒலி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மூன்றையும் ஒரு குடும்பம் ஆக்கிவிட முடியாது. பரோவும் எமனோவும் சேர்ந்து தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) பானத்தையும் களவையும் தனித்தனிப் பதிவுகளாகத்தான் வைத்திருக்கிறது. அந்த அகராதியையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனையும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். போனில் எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அழகான கதை கிடைத்தால் பயப்படுங்கள்

இந்தப் படியில்தான் நான் சறுக்கி விழுந்தேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பனையும் தென்னையும் நிறைந்த மாவட்டம் இது. கள்ளுக்கும் வரிக்கும் இங்கே பழைய உறவு. கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கி.பி. 849ஐச் சேர்ந்தது, வேணாட்டு அரசர் அளித்தது. அதில் தளைக்காணம், ஏணிக்காணம் என்று வரிகள் வருகின்றன. தளையும் ஏணியும் மரம் ஏறுபவரின் கருவிகள். அவற்றின் பெயரிலேயே வரி! பிறகு திருவிதாங்கூர் காலத்துக்கு வாருங்கள். ‘அப்காரி’ என்ற சொல்லை நம் தாத்தாமார் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். பாரசீகத்தில் ‘ஆப்’ தண்ணீர், ‘கார்’ வேலை. மது காய்ச்சும் தொழிலுக்குப் பெயராக இருந்து, மதுவின் மேல் விதிக்கும் தீர்வைக்கும் பெயரானது. கேரளத்து மதுச் சட்டத்துக்கு இன்றும் அப்காரிச் சட்டம் என்றுதான் பெயர். அந்தக் காலத்தில் கள், சாராய உரிமையை அரசு குத்தகைக்கு விடும். குத்தகைக்காரர் அரசுக்குப் பணம் கட்டுவார், கடையும் நடத்துவார். வரிப்பணத்துக்குப் பொறுப்பாளியும் கடை முதலாளியும் ஒரே ஆள்!

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரோமில் ஏலம், இங்கே குத்தகை. இங்கிலாந்திலும் இப்படித்தான் வரிக்காரர் மெல்ல மதுக்கடைக்காரர் ஆகியிருப்பார் என்று முடிவுகட்டினேன். தக்கலைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து பத்துப் பேர் இருக்கையில் இதை எடுத்துவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்: “நல்லாத்தான் இருக்கு. நடுவுல உள்ள ஆளைக் காட்டும் பாப்போம்.”

அவர் கேட்டது சரி. வரிக்காரர் மதுக்கடைக்காரர் ஆனார் என்றால், இரண்டு வேலையும் பார்த்த ஒருவரை ‘பப்ளிக்கன்’ என்று அழைக்கும் ஆங்கில வாக்கியம் ஒன்றாவது நடுவில் இருக்க வேண்டும். அப்படி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் கிடைத்தது வேறு ஒன்று.

‘பப்ளிக் ஹவுஸ்’. 1570களில் இதற்குப் பொதுமக்கள் நுழையக்கூடிய கட்டடம் என்றுதான் பொருள். 1660களில் சாப்பாடும் மதுவும் விற்க உரிமம் பெற்ற விடுதி என்ற பொருள் வருகிறது. அந்த வீட்டை நடத்துபவருக்குப் பெயர் வேண்டும். ‘பப்ளிக்’ என்பதோடு ஆளைக் குறிக்கும் ‘அன்’ விகுதியைச் சேர்த்தால் ‘பப்ளிக்கன்’. சர்ச்சில் வாரம்தோறும் காதில் விழும் சொல் வேறு தயாராக இருந்தது. பாவிகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பப்ளிக்கனைக் கொண்டுவந்து ஊர் மதுக்கடைக்காரர் தலையில் கட்டுவதில் ஒரு குறும்பும் இருந்திருக்கும். ஜான்சன் முகம் சுளித்தது இப்போது புரிகிறது. ‘பப்’ என்ற சுருக்கம் அதற்கும் பிந்தியது, 19ஆம் நூற்றாண்டில் பரவியது.

அதாவது இரண்டு பப்ளிக்கனுக்கும் பாட்டி ஒருத்திதான், அந்த லத்தீன் ‘பப்ளிகுஸ்’. ஆனால் மதுக்கடைக்காரர் வரிக்காரரின் மகன் இல்லை, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். நான் கல்யாண வீட்டில் சொன்னது அப்பன் பிள்ளை உறவு. நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே காரணத்தையும் எழுதினேன். கிழித்துப் போடாதீர்கள். தப்பான பக்கமும் கூடவே இருக்கட்டும்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. யாழ்ப்பாணத்தில் கள்ளுக்கடைக்குத் ‘தவறணை’ என்ற பெயர் உண்டு. தவறு செய்ய அணைக்கும் இடம் என்று பிரித்துக் காட்டினால் யாருக்கும் சிரிப்பு வரும், பாதிப் பேர் நம்பியும் விடுவார்கள். லத்தீனில் கடைக்கும் குடிலுக்கும் ‘தபெர்னா’ என்று பெயர். அதன் வழி வந்த ஐரோப்பியச் சொல்தான் கப்பலேறி வந்து தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது. தமிழாகப் பிரிகிறது என்பது தமிழ்ச் சொல் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

அதே வேலைக்கு நம்மிடம் என்ன பெயர்?

இது கட்டாயப் படி இல்லை, எனக்குப் பிடித்த படி. வெளியூர்ச் சொல் ஒன்றைத் தேடி முடித்ததும் அதே தொழிலுக்கு நம் பழைய பெயர்களைத் தேடுவேன்.

நிகண்டுகளில் கள் விற்போருக்குத் துவசர், படுவர், பிழியர் என்று பெயர்கள் வரும். ‘பிழி’ என்பதே கள்ளுக்கு ஒரு பெயர். ஆனால் இலக்கியத்துக்குள் போனால் காட்சி மாறுகிறது. அங்கே விற்பவர்கள் பெண்கள். சிலப்பதிகாரத்தில் பூம்புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்பவர், அப்பம் விற்பவர் வரிசையில் ‘கள்நொடையாட்டியர்’ நிற்கிறார்கள். நொடை என்றால் விலை, நொடுத்தல் விற்றல். ஆட்டி பெண்ணைக் குறிக்கும் ஈறு, பெண்டாட்டி, மூதாட்டி மாதிரி. அகநானூற்றில் ‘அரியற் பெண்டிர்’ உண்டு. அரியல் வடித்தெடுத்த கள். அரிப்பு, அரிசல்லடை என்ற சொற்களை வைத்திருக்கும் நமக்கு அது புரியச் சிரமமில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ‘கள்ளடு மகளிர்’. அடுதல் சமைத்தல், காய்ச்சுதல்.

இதைப் படித்துவிட்டு ஆங்கிலப் பக்கம் திரும்பினால் அங்கேயும் அதே கதை. இடைக்கால இங்கிலாந்தில் விற்பனைக்கு ‘ஏல்’ என்ற பீர் வகையைக் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ‘ப்ரூஸ்டர்’, ‘டாப்ஸ்டர்’ என்ற சொற்களில் வரும் ‘ஸ்டர்’ முதலில் பெண்பால் விகுதி. ஒன்று காய்ச்சுபவள், மற்றது பீப்பாயைத் திறந்து ஊற்றுபவள். நம் ‘ஆட்டி’ அங்கே ‘ஸ்டர்’. தொழில் ஆண்கள் கைக்குப் போன பிறகும் விகுதி மட்டும் பழைய முதலாளியம்மாவின் பெயர்ப்பலகை போல ஒட்டிக்கொண்டு நின்றது. இந்த ஒற்றுமையைக் கண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு சொல் மற்றதிலிருந்து பிறந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே மாதிரி வேலை இரண்டு ஊரில் ஒரே மாதிரிப் பெயரை உண்டாக்கியிருக்கிறது.

ஆட்களிடம் கேட்பது

புத்தகம் முடிந்தால் ஆட்கள். பனை ஏறியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பதநீர் என்று கேட்டால் பதில் வரும். அக்கானி என்று கேட்டால் கதையே வரும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாமல் விட்டால் புளித்துக் கள். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. ஆகவே கள்ளுக்கடைச் சொற்கள் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. எல்லைக்கு அந்தப்பக்கம் ‘ஷாப்பு’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடும். கடை என்பதற்கான பொதுவான ஆங்கிலச் சொல் அங்கே கள்ளுக்கடை ஆகிவிட்டது. பொது வீடு என்ற பப்ளிக் ஹவுஸ் மதுக்கடை ஆனதும் இதே போக்கில்தான். எனக்கு இந்த ஒப்புமையே அப்காரிக் கதையைவிட இப்போது பிடித்திருக்கிறது.

கேட்கும்போது ஒரு மரியாதை வேண்டும். தொழிற்பெயர்கள் பல இங்கே சமூகத்தின் பெயர்களாகவும் இருக்கின்றன. “உங்க பேருக்கு இதுதானே அர்த்தம்?” என்று அகராதியை நீட்டிக்கொண்டு ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காராதீர்கள். கருவியின் பெயர், பாத்திரத்தின் பெயர், செய்முறையின் பெயர் என்று கேளுங்கள். “இதுக்கு என்ன சொல்லுவீங்க, தாத்தா?” என்பது போதும். சொன்னதைச் சொன்ன உச்சரிப்பிலேயே எழுதுங்கள். பள்ளிக்கூடத் தமிழுக்குத் திருத்தினால் ஆதாரம் கெட்டுவிடும்.

கடைசியாக, பதிவு

தேடியதை நாலைந்து வரிக்குள் சுருக்கி எழுதுங்கள். சுருக்க முடியாவிட்டால் இன்னும் தேடி முடியவில்லை என்று அர்த்தம். என் நோட்டில் உள்ளது இது:

பப்ளிக்கன். (1) வரி, சுங்கம் பிரிப்பவர். ஆங்கிலத்தில் 1200 வாக்கில். பிரெஞ்சு வழி, லத்தீன் பப்ளிகானுஸ். தமிழ் வேதாகமத்தில் ஆயக்காரன். (2) மதுவிடுதி நடத்துபவர், 1728 வாக்கில், பப்ளிக் ஹவுஸ் என்பதிலிருந்து, முதல் சொல்லின் சாயலில். (1)இலிருந்து (2) நேராக வரவில்லை. அப்காரிக் கதை தள்ளுபடி.

இதைப் போட்டோ எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. “மத்தேயு தப்பிச்சாரு மாமா. ஆனா இன்னொண்ணு. இங்க பப் நடத்துறவர லேண்ட்லார்டுன்னும் சொல்லுதாவ. எனக்கு வாடகைக்கு வீடு தந்தவரும் லேண்ட்லார்டுதான். ரெண்டும் ஒரே ஆளு. இப்ப நான் அவர எந்த அர்த்தத்துல கூப்பிட?”

நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, அந்த வாக்கியத்தை எழுதி வைத்திருக்கிறேன்.